தேர்ச்சி பெற்ற விசைப்பலகை

என் மென்பொருளுக்குச் சான்றிதழ் கிடைத்துவிட்டது என்ற செய்தி வந்த காலை, அதை முதலில் சொல்ல வேண்டிய ஆளுக்கு நான் சொல்லவில்லை. அப்பாவிடம் சொன்னேன். கொழும்பில் என்னோடு வேலை செய்தவர்களுக்குச் சொன்னேன். பரந்தன் சந்திக் கடையில் லட்டு வாங்கி அயல் வீடுகளுக்குக் கொடுத்தேன். அக்காவுக்கு மட்டும் தொலைபேசி எடுக்கவில்லை. இந்த நேரம் அவர் அலுவலகத்தில் இருப்பார், பாவம், ஏன் குழப்ப வேண்டும் என்று எனக்கு நானே ஒரு சாட்டுச் சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், எனக்குப் பயம். அன்று தொடங்கிய குற்ற உணர்வு இன்னும் என்னோடுதான் இருக்கிறது. எழுதினால் குறையும் என்று பெரிய நம்பிக்கையும் இல்லை.

அக்கா என் கூடப்பிறந்தவர் அல்ல. அம்மா வழியில் தூரத்துச் சொந்தம், ஸ்கந்தபுரத்தில் வயல் செய்யும் குடும்பம். என்னைவிட நன்றாக மூத்தவர். யுத்தத்தின் கடைசி மாதங்களில் அவருடைய வலக்கை முழங்கைக்கு மேலே போய்விட்டது. அதுவரை அவர் எழுதியது, சமைத்தது, தலை பின்னியது எல்லாம் அந்தக் கையால்தான். இடம்பெயர்ந்தோர் முகாமில் இருந்தபோதே இடக்கையால் எழுதப் பழகத் தொடங்கிவிட்டாராம். ஊர் திரும்பிய பிறகு, நான் பாதி நாள் அவர் வீட்டில் சாப்பிட்டு வளர்ந்த காலத்தில், அவருடைய இடக்கை எழுத்து என் வலக்கை எழுத்தைவிட வடிவாக இருந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் எரிச்சலும் உண்டு.

நான் கொழும்பில் ஒரு கம்பனிக்கு மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தவள். கொரோனாக் காலத்தில் பரந்தனில் வீட்டுக்கு வந்தேன். வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்றார்கள். பிறகு திரும்பிப் போக மனம் வரவில்லை. அந்த நாட்களில் அக்கா கிளிநொச்சியில் ஒரு கடையில் தட்டச்சு வேலை பார்த்தார். காணி மனு, சத்தியக்கடதாசி, கலியாணக் கார்ட் என்று மல்லாவியிலிருந்தெல்லாம் ஆட்கள் வருவார்கள். ஒரு கை முழு விசைப்பலகையிலும் ஓடித்திரியும். பின்னேரமாகும்போது மணிக்கட்டு வீங்கிவிடும். அந்தக் கையை எண்ணெய் பூசி நீவிக்கொண்டு எங்கள் வீட்டில் இருந்த ஒரு சனிக்கிழமை, நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் சொன்னேன்.

"அக்கா, இதுக்கு நான் ஒண்டு எழுதித் தாறன். நீங்கள் அரைவாசிப் பலகையிலயே எல்லாம் தட்டலாம்."

"எழுத்து முழுசும் அரைவாசிக்குள்ள அடங்குமே?"

அடங்கியது. அடக்கிய பெருமையில் பாதி அவருடையது. எந்த விசையை வைத்து மற்றப் பாதிக்கு மாற்றுவது என்று நான் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டிருந்தபோது, "பெருவிரல் சும்மா கிடக்குது பிள்ளை, அதுக்கும் ஒரு வேலை குடு" என்றார். அதுதான் முழு மென்பொருளும். இடப்பக்க விசையை வெறுமனே தட்டினால் ஒரு எழுத்து. ஸ்பேஸ் பாரைப் பெருவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு அதே விசையைத் தட்டினால் வலப்பக்கத்து எழுத்து. ஸ்பேஸ் பாரை மட்டும் தட்டி விட்டால் வழக்கமான இடைவெளி. சனிக்கிழமைகளில் பஸ் ஏறி வருவார், தட்டிப் பார்ப்பார், திட்டுவார், நான் திருத்துவேன். எந்த எழுத்து எந்த விரலுக்கு என்பதை அவருடைய கைதான் முடிவு செய்தது.

முதன்முதல் அவருடைய கணினியில் அதைப் போட்டபோது, வெளியிட்டவர் யாரென்று தெரியவில்லை, இதை இயக்குவது ஆபத்து என்று இயங்குதளம் ஒரு எச்சரிக்கையைக் காட்டியது. அக்கா அதை வாசித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"உன்னை ஆரெண்டு உதுக்குத் தெரியாதாம்."

"தெரியாட்டிப் பரவாயில்லை அக்கா. எப்பிடியும் இயக்கு எண்டு கீழ கிடக்கு, அதை அமத்துங்கோ."

அழுத்தினார். அதன் பிறகு வருடக்கணக்காக அந்த மென்பொருளில்தான் தட்டினார். கடைசியில் இரண்டு கையாலும் தட்டுகிற என்னைவிட வேகம். வருகிறவர்களுக்கெல்லாம் நான் அவரைக் காட்டிப் பெருமையடித்தேன். ஒரு தடவை அவர், "இது வேற இடங்களிலயும் வேலை செய்யுமோ?" என்று கேட்டார். "எங்க போனாலும் வேலை செய்யும் அக்கா, பயப்பிடாமல் பழகுங்கோ" என்றேன். எவ்வளவு சுலபமாகச் சொன்னேன்! உலகத்தில் என் ஒரு மென்பொருளுக்கு மட்டுமே விளங்குகிற ஒரு பழக்கத்தை அவருடைய விரல்களுக்குள் ஏற்றிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கு அப்போது தோன்றவேயில்லை.

பிறகு அவருக்கு ஒரு அரச அலுவலகத்தில் தட்டச்சாளர் வேலை கிடைத்தது. முதலில் தற்காலிகம், சில மாதம் போனதும் ஒரு தட்டச்சுச் சோதனை, அதில் சித்தியடைந்தால் நிரந்தரம். அன்று அவர் எங்கள் குசினிக்குள் அடுப்படியில் நின்று சொன்னதை நான் மறக்கவில்லை.

"சம்பளத்துக்காக மட்டும் இல்லை பிள்ளை. தட்டேக்க ஆக்கள் எழுத்தைத்தான் பாக்கினம். கையைப் பாக்கிறேல்லை."

அவர் வேலைக்குச் சேர்ந்த சில நாட்களில் அங்கே எல்லாக் கணினியும் புதிதாக மாறின. புதியவை கண்டதையும் ஏற்காது. இயங்குதளக் கம்பனியின் இணையக் கடையில் சோதனை செய்து சான்றிதழ் கொடுத்த மென்பொருள்களை மட்டும்தான் நிறுவலாம். கணினிகளுக்குப் பொறுப்பான உத்தியோகத்தரிடம் போய் நானே கேட்டேன். நல்ல மனிதர், கதிரை போட்டு இருத்தித்தான் மறுத்தார்.

"தங்கச்சி, உங்கட புறோகிறாம் ஒவ்வொரு தட்டலையும் நடுவில நிண்டு பிடிக்குது. இஞ்ச சனத்தின்ர அடையாள அட்டை நம்பர் தொடக்கம் எல்லாம் தட்டுறம். நீங்கள் நல்லவா எண்டு எனக்குத் தெரியும். நாளைக்கு இன்னொராள் இதையே கொண்டுவந்தால் நான் என்ன சொல்லுறது? சான்றிதழ் எடுத்துக்கொண்டு வாங்கோ, உடன போட்டுத் தாறன்."

வெளியே வந்து அக்காவிடம் அவரைக் கண்டபடி திட்டினேன். அவர் சொன்னது நியாயம் என்பதுதான் கோபத்துக்குக் காரணம். அன்றிலிருந்து அக்கா பழைய மாதிரி ஒரு கையால் முழுப் பலகையிலும் தாவித் தட்டினார். மணிக்கட்டு மறுபடி வீங்கியது. "எடுக்கிறன் அக்கா, கெதியா எடுக்கிறன்" என்றேன்.

சான்றிதழ் எடுப்பதென்றால் முதலில் நான் யாரென்று நிரூபிக்க வேண்டும். பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர் பதிந்தேன். வீட்டு விலாசமும் மின்சாரப் பட்டியலும் ஒத்துவரவில்லை. அதைத் திருத்த அலைந்தேன். பிறகு நிறுவனத்தைச் சரிபார்க்க வெளிநாட்டிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. அதை எடுத்தவர் அப்பா. நிறுவனத்தின் பணிப்பாளரோடு கதைக்க வேண்டும் என்று அந்தக் குரல் ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறது. "அவா குளிக்கிறா, பிறகு எடுங்கோ" என்று அப்பா தமிழில் சொல்லி வைத்துவிட்டார். இன்னொரு அழைப்புக்கு நான் நாட்கணக்காகத் தொலைபேசியைக் கையோடு கொண்டு திரிந்தேன். கிணற்றடிக்கும் கொண்டு போனேன்.

அடுத்தது பொருந்துமா என்ற சோதனை. மென்பொருள் பழைய இயங்குதளத்திலும் ஓட வேண்டும், புதியதிலும் ஓட வேண்டும். இடையில் நின்றுவிடக் கூடாது. அழித்தால் சுவடு இல்லாமல் போக வேண்டும். பார்வை குறைந்தவர் திரையைப் பெரிதாக்கினாலும் எழுத்து கலங்கக் கூடாது. நான் விடவில்லை. சந்தி அரிசி ஆலையில் கிடந்த பழைய கணினியில் போட்டுப் பார்த்தேன். ஒரு பள்ளிக்கூடத்து ஆய்வுகூடத்தில் கெஞ்சி அனுமதி வாங்கிப் பார்த்தேன். முல்லைத்தீவில் புடவைக்கடை வைத்திருக்கும், எல்லோரும் நானா என்று கூப்பிடும் ஒரு முஸ்லிம் பெரியவரிடம் நான் பிறந்த காலத்து மாதிரி ஒரு கணினி இருப்பதாகக் கேள்விப்பட்டு, அங்கேயும் போனேன். அவர் பில் போடுவதை நிறுத்திவிட்டு, பால் விடாத பிளேன்ரீயும் தந்து, "எத்தனை மணித்தியாலம் வேணுமெண்டாலும் இருந்து பாருங்க மகள்" என்றார். எல்லாவற்றிலும் ஓடியது.

ஆனால் முதல் அறிக்கை தோல்வி என்று வந்தது. காரணம் அந்த உத்தியோகத்தர் சொன்னதேதான்: பயனர் தட்டுவதற்கும் மற்ற மென்பொருள்களுக்கும் இடையில் எதுவும் நிற்கக் கூடாது. விசைப்பலகை மாற்றம் வேண்டுமென்றால் இயங்குதளம் ஏற்கெனவே விட்டிருக்கிற வழியால்தான் வரலாம். அந்த வழியில் ஸ்பேஸ் பாரை அழுத்திப் பிடிக்கும் வேலைக்கு இடமில்லை. ஒரு கை மட்டும் உள்ளவருக்காக என்று விளக்கி எழுதினேன். மிக மரியாதையாக, உங்கள் நோக்கத்தைப் பாராட்டுகிறோம், விதி எல்லோருக்கும் ஒன்றுதான் என்று பதில் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

விதிக்குள் வருகிற இன்னொரு வழி இருந்தது. எதையும் பிடித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. பலகையின் இடது மேல் மூலையில் யாரும் தொடாமல் கிடக்கும் விசையைச் சின்னவிரலால் ஒரு முறை தட்டிவிட்டு, பிறகு எழுத்தைத் தட்டினால் மற்றப் பாதி எழுத்து வரும். பெருவிரலின் வேலை சின்னவிரலுக்குப் போகிறது, அவ்வளவுதான். அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். வலக்கையை மடியில் வைத்துக்கொண்டு இடக்கையால் தட்டிப் பார்த்தேன். நன்றாகத்தான் வந்தது. எனக்கு மறக்க எதுவும் இல்லையே, ஏன் வராது?

அந்த இடத்தில் நான் அக்காவைக் கேட்டிருக்க வேண்டும். ஆலைக்குப் போனவள், பள்ளிக்கூடத்துக்குப் போனவள், முல்லைத்தீவு வரைக்கும் பஸ் ஏறிப் போனவள், ஸ்கந்தபுரத்துக்கு ஒரு தொலைபேசி எடுக்கவில்லை.

ஏன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். எங்கள் ஊரில் ஒரு காரியம் சரிவரும் வரைக்கும் யாரும் வாய் திறப்பதில்லை. விசாவுக்குப் போட்டாலும் அப்படித்தான், கலியாணம் பேசினாலும் அப்படித்தான். பக்கத்து வீட்டுக்காரர் கனடாவுக்குப் போன பிறகுதான் அவர் கனடாவுக்குப் போட்டிருந்தது தெரியவரும். முன்கூட்டிச் சொன்னால் நாவூறு பட்டுவிடும், தட்டிப்போய்விடும் என்று பயம். படித்தவள், கணினியோடு மாரடிக்கிறவள், நானும் அந்தப் பயத்தோடு வளர்ந்தவள்தான். "எப்பிடிப் போகுது பிள்ளை?" என்று அக்காவும் கேட்கவில்லை. கேட்டால் குழம்பிவிடும் என்று அவருக்கும் அதே பயம். இருவரும் சனிக்கிழமைகளில் சந்தித்தோம், மழையைப் பற்றிக் கதைத்தோம், நெல் விலையைப் பற்றிக் கதைத்தோம். சரிவரட்டும், பிறகு சொல்லலாம் என்று நான் இருந்தேன்.

ஆனால் ஊர் வழக்கத்தின் மேல் முழுப் பழியையும் போட்டால் அது இன்னொரு பொய்யாகிவிடும். கேட்டால் அவர் முகம் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியும். அந்த முகத்தைப் பார்த்தால் என்னால் அனுப்ப முடியாது. எனக்கு அனுப்ப வேண்டியிருந்தது. ஒருமுறை தோற்றதில் மூக்கு உடைந்திருந்தது. இந்தத் தடவை சித்தியடைய வேண்டும் என்ற வெறி. அனுப்பினேன். எல்லா வரியிலும் தேர்ச்சி என்று வந்தது. பொருந்துதன்மை, தேர்ச்சி. பாதுகாப்பு, தேர்ச்சி. உடற்குறை உள்ளவர்களுக்கு ஏற்றதா என்ற வரியிலும் தேர்ச்சி. லட்டு வாங்கினேன்.

நிறுவப் போன நாளில், அலுவலக வாசலில் வைத்துத்தான் அக்காவிடம், "ஒரு சின்ன மாத்தம் இருக்கு அக்கா" என்றேன்.

"சின்னன்தானே. பாப்பம்."

உத்தியோகத்தர் சொன்ன சொல் தவறவில்லை. நொடியில் நிறுவினார். எச்சரிக்கை எதுவும் வரவில்லை. வெளியிட்டவர் என்ற இடத்தில் என் பதிவுப் பெயர் இருந்தது. "பாத்தியளே தங்கச்சி, சான்றிதழ் இருந்தால் எவ்வளவு சுகம்" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமை அக்கா கதிரையில் இருந்து முதல் வரியைத் தட்டும் வரைக்கும்தான். பெருவிரல் அதன் பாட்டுக்கு ஸ்பேஸ் பாரைப் பிடித்தது. பிடித்த இடமெல்லாம் இடைவெளி விழுந்தது. வலப்பக்கத்து எழுத்து ஒன்றும் இல்லை. ஒரு சொல்கூட முழுதாக இல்லை.

"என்ன பிள்ளை இது, பல்லு விழுந்த வாய் மாதிரிக் கிடக்கு" என்று சிரித்தார்.

சின்னவிரலைக் காட்டிச் சொல்லிக் கொடுத்தேன். தலையை ஆட்டினார். திரும்பத் தட்டினார். அதே இடைவெளி. மறுபடி மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக யோசித்துத் தட்டினார். இரண்டு சொல் சரியாக வந்தது. மூன்றாவது சொல்லில் கொஞ்சம் வேகம் எடுத்ததும் பெருவிரல் மறுபடி இறங்கியது. இந்தத் தடவை சிரிக்கவில்லை. கையைப் பார்த்துக்கொண்டு, "நான் சொல்லுறன், இவர் கேக்கிறாரில்லை" என்றார்.

சோதனைக்கு அதிக காலம் இருக்கவில்லை. பழையபடி முழுப் பலகையிலும் தாவித் தட்டினால் கை வலிக்கும், வேகமும் வராது. புதியதைப் பழகத்தான் வேண்டும். அலுவலகம் விட்டு வீட்டுக்குப் போனதும் பழகினார், விடிய எழும்பியும் பழகினார். அடுத்த சனிக்கிழமை வந்தபோது, வீட்டுக் கணினியில் இருந்த பழைய மென்பொருளை அழித்துவிட்டதாகச் சொன்னார். எனக்குத் திக்கென்றது.

"ஏன் அக்கா அழிச்சனீங்கள்? வேகமாத் தட்ட அதுதானே இருந்தது?"

"ரெண்டும் இருந்தால் கை குழம்பும் பிள்ளை. ஒண்டை விட்டாத்தான் மற்றது வரும். எனக்குத் தெரியும், நான் ஒருக்கா விட்டுப் பழகினனான்."

என்னைத் தேற்றத்தான் அப்படிச் சொன்னார். எனக்கோ நிலத்துக்குள் போய்விடலாம் போல இருந்தது. ஒரு கையின் பழக்கம் முழுவதையும் ஒரு தடவை பறிகொடுத்து, மற்றக் கையை முதலிலிருந்து பழக்கியவர் அவர். அந்தக் கை திரும்பக் கற்றுக்கொண்டதில் நல்ல பங்கை நான் பறித்துவிட்டு, இன்னொரு தடவை தொடங்குங்கோ என்கிறேன். முதல் தடவை பறித்தது யுத்தம். இந்தத் தடவை பறித்தது, அவர் வீட்டில் சாப்பிட்டு வளர்ந்த நான்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் பக்கத்தில் இருந்து வாசித்துக் கொடுத்தேன். கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. பிழை குறைந்தது. ஆனால் பெருவிரல் இறங்கப் பார்க்கும்போதெல்லாம் அதை நிறுத்த ஒரு கணம் போகும். அந்தக் கணத்தை அவரால் எடுத்துப்போட முடியவில்லை. இன்னும் அரை வருடம் இருந்திருந்தால் போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

சோதனை அன்று கம்பனியில் லீவு எடுத்துக்கொண்டு போய் அலுவலக வாசலில் நின்றேன். உள்ளே விசைகளின் சத்தம் கேட்டது. அதில் எது அக்காவுடையது என்று எனக்குத் தெரிந்தது. மற்றவர்களின் சத்தம் இடைவிடாமல் போனது. அவருடையது விட்டு விட்டு வந்தது.

மத்தியானமே முடிவைச் சொல்லிவிட்டார்கள். நிர்வாகப் பொறுப்பில் இருந்த பெண் உத்தியோகத்தர் அக்காவை வெளியே கூட்டி வந்து, என்னையும் வைத்துக்கொண்டே சொன்னார்.

"பிழை ஒண்டும் இல்லை, வேகம்தான் காணாது. வேலையால நிப்பாட்டேல்லை. முன் மேசையில விடுறம். வாற ஆக்களுக்கு எந்த அறைக்குப் போறதெண்டு சொல்லவேணும். சம்பளத்தில பெரிசா வித்தியாசம் வராது."

அக்கா நன்றி சொன்னார். நான் அந்த முன் மேசையைப் பார்த்தேன். வாசலுக்கு நேரே இருந்தது. உள்ளே வருகிற ஒவ்வொருவரும் முதலில் பார்ப்பது அங்கே இருப்பவரைத்தான்.

பஸ் நிலையத்துக்கு இருவரும் நடந்து போனோம். வெயில் கொளுத்தியது. அக்கா ஏதோ வழமையான கதைதான் கதைத்தார். வீட்டில் மிளகாய் காயப்போட்டது, மழை வரும்போல இருக்கிறது என்று. நான் ஓம், ஓம் என்றுகொண்டு வந்தேன். ஸ்கந்தபுரம் பஸ் இன்னும் வரவில்லை. நிழலில் நின்றபோது அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீ ஏன் உம்மெண்டு நிக்கிறாய்? உன்னால இல்லை பிள்ளை" என்றார்.

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

"என்னாலதான் அக்கா. மாத்தினால் உங்களுக்குக் கஸ்ரமாயிருக்கும் எண்டு எனக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் அனுப்பினனான். உங்களை ஒரு சொல்லுக் கேக்கேல்லை."

"ஓம், கேக்கேல்லை" என்றார்.

மறுப்பார் என்று எதிர்பார்த்திருக்கிறேன் போல. பஸ் வந்து நின்றது. ஆட்கள் ஏறத் தொடங்கினார்கள். அக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"கேட்டிருந்தாலும் நான் ஓம் அனுப்பு எண்டுதான் சொல்லியிருப்பன் பிள்ளை. எத்தினை பேருக்கு உதவும். ஆனா கேட்டிருக்கலாம்."

கூட்டத்தோடு ஏறினார். மிதிபலகையில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார். கை கம்பியைப் பிடித்திருந்தது, அசைத்துக் காட்ட முடியவில்லை. தலையை ஆட்டினார்.